பிறர் எழுதிய நிரலைப் படித்தல்

பஸ் டிரைவர் என்று சொன்னவுடன் நேயர்களின் மனக்கண்முன், காக்கிச் சட்டை அணிந்து பெரிய சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒருவரே தோன்றுவார். இன்று நான் பேசப்போகும் டிரைவர் அவர் அல்லர். இவருக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. கணிப்பொறிக்குள் குடியிருக்கும் சில நூறு வரி எழுத்துத்தான் இவர். ஆயினும் பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல் அன்று. 'ஆம்னிபஸ்' என்னும் லத்தீன் சொல்லுக்கு 'எல்லோருக்கும்' என்பது பொருள். தெருவில் ஓடும் வண்டி எல்லோருக்கும் பொதுவாக இருந்தமையால் அப்பெயர் பெற்றது. மின்நிலையத்தில் பல கருவிகளுக்கும் பொதுவாக நிற்கும் உலோகப் பட்டையும் அதே சொல்லின் வாலைப் பற்றிக்கொண்டு 'பஸ் பார்' ஆயிற்று. கணிப்பொறியில் பல சில்லுகள் பங்கிட்டுக்கொள்ளும் பொதுக் கம்பிகளுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. அக்கம்பிகளின் மீது எப்போது பேசுவது, பேசியதற்கு விடை வந்ததா, வராவிட்டால் என்ன செய்வது என்பவற்றைக் கவனிக்கும் நிரலையே டிரைவர் என்கிறோம்.

பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புனேயிலும் நொய்டாவிலும் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், மகனோ மருமகளோ கணிப்பொறித் திரையை உற்று நோக்கியவாறு, விரலையும் அசைக்காமல் நெடுநேரம் அமர்ந்திருப்பதைப் பெரியவர்கள் கண்டிருக்கக்கூடும். என்ன செய்கிறாய் என்று கேட்டால், "ரிவ்யூ செய்கிறேன்" என்று விடை வரும். ஒருவர் நிரலில் செய்துள்ள மாற்றத்தை மற்றொருவர் படித்துப் பார்த்து, இதனை ஏற்கலாம் அல்லது ஏற்கலாகாது என்று கூறும் பணி அது. எழுதுவதைக் காட்டிலும் படிப்பது எளிது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுவர். உள்ளே இருப்பவர்களிலும் சிலர் அவ்வாறே எண்ணுகின்றனர். டிரைவர் நிரலைப் பொறுத்தவரையில் அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை ஒரே ஓர் உதாரணத்தைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

ஐ-டூ-சி என்றொரு பஸ் உண்டு. 1982-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனத்தார், தம்முடைய சில்லுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக இதனை வகுத்தனர். இன்று நாம் கையில் வைத்திருக்கும் தொலைபேசியில் மின்கலத்தின் அளவைச் சொல்லும் சில்லும், மடிக்கணினியில் வெப்பத்தை அளக்கும் சில்லும் பெரும்பாலும் இந்த பஸ்ஸில்தான் பேசுகின்றன. இதற்கு வேண்டியவை இரண்டே கம்பிகள். ஒன்று செய்தியைச் சுமக்கும். மற்றொன்று தாளம் போடும். இவ்விரண்டும் ஓய்வாக இருக்கையில் மின்தடையத்தின் உதவியால் மேல்நிலையில் நிற்கும். எந்தச் சில்லும் கம்பியைக் கீழே இழுக்கலாம். மேலே தள்ள ஒருவராலும் இயலாது. எல்லோரும் கைவிட்டால்தான் கம்பி தானாக மேலே செல்லும். இந்த ஓர் ஏற்பாட்டிலேயே இதன் எளிமையும் அடங்கியிருக்கிறது, ஆபத்தும் அடங்கியிருக்கிறது. பத்துப் பேர் பிடித்திருக்கும் கயிற்றில் ஒருவன் மட்டும் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு நின்றானாயின், மற்ற ஒன்பது பேரும் வாய்மூடி இருக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு முகவரி உண்டு. ஏழு பிட் முகவரியாதலால் மொத்தம் 128; அவற்றுள் 16 தனிப் பயன்களுக்கென ஒதுக்கப்பட்டுவிட்டன; எஞ்சியவை 112. பேச்சைத் தொடங்குகிறவர் முகவரியைக் கூறுவார். எட்டுத் தாளம் முடிந்து ஒன்பதாம் தாளத்தில், அழைக்கப்பட்ட சில்லு செய்திக் கம்பியைக் கீழே இழுத்துக் காட்டவேண்டும். பாட்டி கதை சொல்லும்போது குழந்தை 'உம்' கொட்டுகிறதல்லவா, அதுபோன்றது இது. 'உம்' வராவிட்டால் குழந்தை உறங்கிவிட்டது என்று பொருள், கதையை நிறுத்திவிடலாம். சில வேளைகளில் மெதுவாக வேலை செய்யும் சில்லு, 'சற்றுப் பொறுங்கள்' என்பதற்கு அடையாளமாகத் தாளக் கம்பியையே கீழே பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு ஐ-டூ-சி விதியில் மேல்வரம்பு இல்லை.

இத்தகைய பஸ்ஸை இயக்கும் நிரல்கள் லினக்ஸ் கெர்னலில் நூற்றுக்கு மேற்பட்டவை உள்ளன. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தக் கெர்னலில், இந்த டிரைவர்களில் மாற்றம் செய்ய விரும்புகிறவர் தம் திருத்தத்தை மின்னஞ்சலில் அனுப்புவது வழக்கம். யாரும் அனுப்பலாம், யாரும் படித்து அபிப்பிராயம் கூறலாம். திருத்தத்தில், நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறியும், சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறியும் இருக்கும். இடம் தெரிவதற்காக, மேலே மூன்று வரியும் கீழே மூன்று வரியும் மாறாத பகுதியிலிருந்து காட்டப்படும். படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவே. சன்னல் வழியே ஓர் அறையைப் பார்ப்பதுபோல என்று சொல்லலாம். சன்னலுக்கு நேரே நாற்காலி ஒழுங்காக இருக்கும். கூரை ஒழுகும் இடம் சன்னலுக்குத் தெரியாத மூலையில் இருக்கும்.

இனி ஒரு திருத்தம் வந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். டிரைவர் ஒரு செய்தியைத் தொடங்கிவிட்டு, அது முடியும்வரை காத்திருக்கிறது. முன்பு ஒரு வினாடி காத்திருந்தது. கெர்னலில் வேறொன்றும் கூறாவிட்டால் ஐ-டூ-சி பஸ்ஸுக்கு அமையும் அளவும் அதுதான். திருத்தம் எழுதியவர் அதனை 100 மில்லிவினாடியாகக் குறைத்துள்ளார். 'சில்லு விடையளிக்காதபோது யந்திரம் ஒரு வினாடி வாளாவிருக்கிறது; அதைத் தவிர்க்கவே இம்மாற்றம்; என் பலகையில் சோதித்தேன், நன்றாக வேலை செய்கிறது' என்று காரணமும் எழுதியுள்ளார். ஒரு வரி நீக்கம், ஒரு வரி சேர்ப்பு. இதில் குறை காண என்ன இருக்கிறது?

படிப்பவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடவேண்டும். இந்த பஸ்ஸின் வழக்கமான வேகங்களுள் ஒன்று வினாடிக்கு 4,00,000 தாளம். மற்றொன்று 1,00,000 தாளம். ஒரு பைட்டுக்கு எட்டுத் தாளமும், 'உம்' கொட்ட ஒன்றுமாக ஒன்பது தாளம் வேண்டும். 4096 பைட்டு கொண்ட நினைவுச் சில்லு ஒன்றை ஒரே மூச்சில் படிப்பதாயின், விரைவான பஸ்ஸில் ஏறத்தாழ 92 மில்லிவினாடி ஆகும். நூறுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே எழுதியவர் சோதித்துப் பார்த்ததும் உண்மை, நன்றாக வேலை செய்ததும் உண்மை. அதே சில்லு மெதுவான பஸ்ஸில் இருந்தால் ஏறத்தாழ 369 மில்லிவினாடி ஆகும். எழுதியவருடைய மேசைமீது அந்தப் பலகை இல்லை. படிப்பவருடைய மேசைமீதும் அநேகமாக இராது. வேறெங்கோ ஒரு தொழிற்சாலையில், மூன்றாண்டுக்கு முன் பொருத்தப்பட்ட ஒரு பெட்டிக்குள் இருக்கும். கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் அந்தப் பெட்டி காரணம் விளங்காமல் மௌனமாகும்.

இத்துடன் முடிந்துவிட்டது என்று படிப்பவர் ஓய்ந்துவிடலாகாது. காத்திருந்து அலுத்துப்போன டிரைவர், 'நேரம் கடந்துவிட்டது' என்று பிழை கூறித் திரும்புகிறது. நல்லது. ஆனால் வன்பொருளுக்கு அந்தச் செய்தியை யார் சொன்னார்கள்? அது இன்னும் பைட்டுகளைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது. பெற்றவற்றை, முன்பு காட்டப்பட்ட நினைவிடத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருக்கிறது. அந்த நினைவிடமோ இதற்குள் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பின்பும், பழைய முகவரிக்கே மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்து இறங்குவதைப் போன்றது இது. புதிதாகக் குடிவந்தவரின் பாத்திரங்கள் உடைகின்றன. அவர் பஸ்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார். இத்தகைய பிழையினால் யந்திரம் வீழ்ந்தால், வீழ்ந்த இடம் ஓரிடமாகவும் பிழை பிறந்த இடம் வேறிடமாகவும் இருக்கும். தேடுபவர்கள் வாரக்கணக்கில் அலைவார்கள். ஆதலின் படிப்பவர் கேட்கவேண்டிய கேள்வி, 100 ஏன் என்பது மட்டுமன்று. திரும்புமுன் வன்பொருளை நிறுத்தினீர்களா என்பதும் ஆகும். அதற்கு விடை சன்னலில் தெரியும் ஆறு வரிக்குள் இல்லை. கோப்பு முழுவதையும் திறந்து படிக்கவேண்டும். காத்திருக்கும் நேரம் ஒரு வினாடியாக இருந்தபோது அந்தப் பிழை உறங்கிக்கொண்டிருந்தது. நூறாகக் குறைத்தபோது விழித்துக்கொண்டது. எழுதியவர் அந்த வரிகளைத் தொடவே இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். டிரைவர் நிரலில் எல்லாம் நன்றாக நடக்கும் பாதை ஒன்று. ஏதேனும் கெட்டுப்போகும் பாதைகள் பல. முதற்பாதையை யந்திரமே நாள்தோறும் ஆயிரம் முறை சோதித்துவிடுகிறது. அதில் பிழை இருந்தால் எழுதியவருக்கே அன்றே தெரிந்துவிடும். ஆனால் 'உம்' வராமல் போவதும், தாளக் கம்பி கீழேயே நின்றுவிடுவதும், பாதிப் பேச்சில் மின்சாரம் துண்டிக்கப்படுவதும் வேண்டும்போது வரவழைக்கக்கூடிய நிகழ்ச்சிகள் அல்ல. அந்தப் பாதைகளில் பெரும்பாலானவை ஒருமுறையேனும் ஓடிப் பார்க்கப்படாமலே உலகெங்கும் அனுப்பப்படுகின்றன. அவற்றைச் சோதிக்கும் கருவி படிப்பவருடைய கண் ஒன்றே.

கண்ணை ஏமாற்றுவதில் சொற்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கெர்னலில், 'முடியும்வரை காத்திரு, ஆனால் இவ்வளவு நேரம்தான்' என்று பணிக்கும் வினைக்கூறு ஒன்று இருக்கிறது. வேலை முடிந்தால் அது மீதமுள்ள நேரத்தைத் திருப்பித் தரும். நேரம் தீர்ந்துவிட்டால் சுழியைத் தரும். இந்த மீதியை வாங்கி வைக்கும் மாறிக்குப் பலர் 'டைம்அவுட்' என்று பெயரிட்டிருந்தனர். விளைவு என்ன? 'டைம்அவுட் இல்லையெனில் டைம்அவுட் பிழையைத் திருப்பு' என்று நிரல் வாசிக்கப்படும். யந்திரத்துக்கு இதில் குழப்பமில்லை. மனிதருக்கோ தலை சுற்றும். 2024-ஆம் ஆண்டில் ஐ-டூ-சி டிரைவர்கள் பலவற்றில், அந்தப் பெயரை 'டைம் லெஃப்ட்', அதாவது மீதி நேரம், என்று மாற்றும் திருத்தங்கள் ஏற்கப்பட்டன. பெயரை மாற்றுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்போர் உண்டு. என் அபிப்பிராயத்தில் அது நல்ல வேலை; அடுத்த பத்தாண்டுகளில் அதைப் படிக்கப்போகிறவர்களின் கண்ணுக்குச் செய்த உபகாரம். அதே வினைக்கூறு ஒருபோதும் எதிர்மறை எண்ணைத் தராது. அதனை அறியாமல், 'விடை சுழிக்குக் குறைந்தால் பிழை' என்று எழுதிவிட்டால், நேரம் கடந்த ஒவ்வொரு முறையும் வெற்றி என்றே கணக்கு எழுதப்படும். எழுதியவரின் பலகையில் நேரம் கடக்கவே கடக்காது. எல்லாம் சரியாகவே தோன்றும்.

பிழைக்கு உரிய பெயரைச் சொல்வதும் ஒரு கடமை. முகவரிக்கு விடை வரவில்லை என்பது ஒன்று. இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒருவர் விலகிக்கொண்டார் என்பது மற்றொன்று. நேரம் கடந்தது என்பது வேறொன்று. மூன்றுக்கும் தனித்தனிக் குறிகள் கெர்னலில் விதிக்கப்பட்டுள்ளன. இரண்டாவது நேர்ந்தால் மீண்டும் முயலலாம். முதலாவதற்குத் திரும்பத் திரும்ப முயல்வது பெரும்பாலும் வீண். எல்லாவற்றுக்கும் ஒரே குறியைத் தந்துவிட்டால் மேலே இருப்பவர்கள் என்ன செய்வதென்று அறியமாட்டார்கள்.

இவை வெறும் நுணுக்கங்கள் என்று நேயர்கள் கருதிவிடலாகாது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். கணிப்பொறிக்குள் எந்தெந்த உணர்விகள் இருக்கின்றன என்று தேடும் நிரல் ஒன்று லினக்ஸில் இருந்தது, இன்றும் இருக்கிறது. முகவரிகளை ஒவ்வொன்றாக அழைத்து, யார் 'உம்' கொட்டுகிறார் என்று பார்ப்பதே அதன் வழி. பெயர் சொல்லி அழைத்துவிட்டு ஒன்றும் கூறாமல் திரும்பிவிடுவது. யாருக்கும் தீங்கில்லாத காரியமாகவே தோன்றும். ஆனால் ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் இருந்த நினைவுச் சில்லு ஒன்று, இவ்வாறு அழைத்துவிட்டுப் பேசாமல் போவதைத் தவறாகப் புரிந்துகொண்டது. அடுத்து வந்த வாசிப்பை எழுதுதல் என்று கருதிவிட்டது. அதிலிருந்த விவரங்கள் சிதைந்தன. யந்திரம் அதன்பின் தொடங்க மறுத்தது. குற்றம் சில்லினுடையது, தண்டனை உரிமையாளருக்கு. அதன் விளைவாக, அக்கால யந்திரங்களின் பஸ் டிரைவர் ஒன்றில், 'இது ஐ.பி.எம். யந்திரம், நான் இயங்கினால் சில்லு கெடலாம், ஆதலால் இயங்க மறுக்கிறேன்' என்னும் பொருள்பட ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. காரணம் அறியாமல் படிப்பவர்க்கு, குறிப்பிட்ட நிறுவனத்தின் யந்திரத்தை மட்டும் ஒதுக்கும் அந்த வரி விந்தையாகவே தெரியும்.

ஆகவேதான் கூட்டல் குறியைக் காட்டிலும் கழித்தல் குறியைக் கண்டே நான் அதிகம் அஞ்சுவேன். புதிதாகச் சேர்த்த வரியைப் பற்றி எழுதியவரிடம் கேட்கலாம். நீக்கப்பட்ட வரியை எழுதியவர் எங்கே இருக்கிறாரோ! 'தேவையற்ற தாமதத்தை நீக்கினேன்' என்று ஒருவர் கூறும்போது, அந்தத் தாமதம் ஏதேனும் ஒரு சில்லின் ஊனத்துக்கு வைத்த ஊன்றுகோலாக இருக்கலாம். 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை பலகையின் சில்லில் இத்தகைய ஊனம் ஒன்று பலரும் அறிந்ததே. மற்றொரு சில்லு 'சற்றுப் பொறு' என்று தாளக் கம்பியைப் பிடித்தால், சில நேரங்களில் அது சரியாகப் பொறுப்பதில்லை. கையேட்டை மட்டும் நம்பிப் படிப்பவர் இதனை அறியமாட்டார். நல்ல வேளையாக, ஒவ்வொரு வரியும் எந்நாளில், யாரால், என்ன காரணம் கூறிச் சேர்க்கப்பட்டது என்பதைத் தேடிப் பார்க்க வழி இருக்கிறது. நீக்கும் திருத்தத்தைப் படிக்கையில் அந்தப் பழைய காரணத்தைத் தேடிப் படிக்காமல் 'சரி' என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன்.

மின்சாரம் பாதியில் துண்டிக்கப்படுவதைப் பற்றி முன்னர்க் குறிப்பிட்டேன். பாதிப் பேச்சில் கணிப்பொறி மட்டும் மீண்டும் தொடங்கினால், எதிர்ச்சில்லுக்கு அது தெரியாது. தன் பைட்டைச் சொல்லி முடிக்க எண்ணி, செய்திக் கம்பியைக் கீழே பிடித்தவாறே அடுத்த தாளத்துக்காகக் காத்து நிற்கும். விதிநூல் இதற்கு ஒரு பரிகாரம் கூறுகிறது: ஒன்பது தாளம் வெறுமனே போடு, அது சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடும். அந்த ஒன்பது தாளம் டிரைவரில் இருக்கிறதா என்று பார்ப்பதும் படிப்பவர் வேலைதான்.

எல்லாம் படித்து ஐயம் தீர்ந்தால், 'ரிவ்யூட்-பை' என்று தொடங்கித் தம் பெயரை ஒரு வரியில் எழுதுவார். இந்த வரிக்குக் கெர்னல் விதிகளில் பொருள் வரையறுக்கப்பட்டுள்ளது. நான் இதனைத் தொழில்நுட்ப முறையில் ஆராய்ந்தேன், என் ஐயங்களைத் தெரிவித்தேன், அவற்றுக்கு வந்த விடைகள் எனக்குத் திருப்தி அளித்தன, இது சேர்க்கத் தக்கது என நம்புகிறேன் என்பது அதன் பொருள். பிழையே இராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை. யந்திரத்தில் ஓட்டிப் பார்த்தவர் எழுதுவது வேறு வரி. பராமரிப்பாளர் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதுவதும் வேறு வரி. படிக்காமலே நண்பருக்காகப் பெயர் எழுதுவதைப் போன்ற கேடு இந்தத் தொழிலில் வேறில்லை. சாட்சிக் கையெழுத்தைப் பத்திரத்தைப் பாராமல் போடுவதற்கு அது நிகர்.

எப்படிச் சொல்வது என்பதும் கவனிக்கத் தக்கது. கெர்னல் உலகில் கடுஞ்சொல் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் பேச்சின் கடுமைக்கு வருத்தம் தெரிவித்தார். அதே மாதத்தில் நடத்தை நெறி ஒன்றும் ஏற்கப்பட்டது. 'இது தவறு' என்பதைவிட, 'மெதுவான பஸ்ஸில் 4096 பைட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேட்பது பயன் தரும். எழுதியவர் தாமே கணக்குப் போடுவார். இரண்டாம் பதிப்பை அனுப்புவார். செய்தியின் நீளத்தையும் பஸ்ஸின் வேகத்தையும் கொண்டு காத்திருக்கும் நேரத்தை அதில் கணக்கிட்டிருப்பார். வன்பொருளை நிறுத்தும் வரி மூன்றாம் பதிப்பில் வரும். மூன்று வாரம் ஆகலாம், ஆகட்டும்.

எழுதுவோர் பெருகிய அளவுக்குப் படிப்போர் பெருகவில்லை. நல்ல திருத்தங்கள்கூட ஒருவரும் படிக்காமல் வாரக்கணக்கில் கிடப்பதுண்டு. இத்துறையில் இருக்கும் நேயர் எவரேனும் தொடங்க விரும்பினால், கெர்னலின் மூலநிரலில் 'டிரைவர்ஸ்' என்னும் பகுதியைத் திறந்து, அதனுள் 'ஐ-டூ-சி', அதனுள் 'பஸ்ஸஸ்' என்று செல்லலாம். தம் கையிலுள்ள பலகைக்கு உரிய கோப்பு ஒன்று அங்கே பெரும்பாலும் இருக்கும். அதை எடுத்து, பிழை நேர்ந்தால் திரும்பும் இடங்களை மட்டும் முதலில் எண்ணிப் பாருங்கள். பிறகு, அவ்விடங்களில் ஒவ்வொன்றிலும் வன்பொருள் எந்த நிலையில் விடப்படுகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.